எதிரொலி தாமதமானதா, கோள் தள்ளிப் போனதா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் குடும்பம், கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு. பூமியிலிருந்து கிளம்பி, சூரியனை ஒட்டிப் போய், ஒரு கோளில் பட்டுத் திரும்பும் ரேடார் சிக்னல் சுமார் 200 மைக்ரோ நொடி (மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாமதமாக வருகிறது, அது ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியலுக்குச் சான்று என்று படித்திருக்கிறீர்கள். ஒளியின் வேகம் மாறாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது தாமதம் என்கிறார்களே, வளைந்து போவதால் தூரம் கூடுகிறதா, படகில் இருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கு இதனால் பாதிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையே ரேடாரை வைத்துத்தானே அளக்கிறார்கள்? அப்படியானால் எதிரொலி தாமதமானதா, கோள் கொஞ்சம் தள்ளி இருந்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்?" உண்மையான கேள்வி அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் 28 வருடம் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் "ஒளி வேகம் மாறாதே சார்" என்று யாராவது எழுந்து நிற்பார்கள். நீங்கள் கேட்டதைக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ரேடார் நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை நான். பாடம் நடத்துவதற்காக அந்தக் கட்டுரைகளைப் பல முறை படித்தவன், கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தவன். அந்த அளவில் சொல்கிறேன்.

படகிலிருந்தே தொடங்கலாம். என் மனைவியின் தம்பி கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கிறார். ஒரு மார்கழி விடியலில் அவரோடு போனேன். கெடிலமும் பரவனாறும் கலந்து கடலில் விழும் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் இன்ஜினைக் குறைத்துவிட்டு எக்கோ சவுண்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் நம்பிக்கை வராமல், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எடுத்து ஓரத்தில் இறக்கினார். குண்டு தரை தட்டிக் கயிறு தொய்ந்ததும் அந்த இடத்தை விரலால் பிடித்து மேலே இழுத்து, இரண்டு கையையும் விரித்து அளந்தார். இரண்டு பாகமும் ஒரு முழமும். "சரியாத்தான் காட்டுது மாமா, போலாம்" என்றார்.

அந்தக் கருவி ஆழத்தை அளக்கவில்லை. ஒலியை அனுப்பி, அது திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு நேரத்தை ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. மழைக்காலத்தில் ஆற்றுத்தண்ணீர் வந்து கலந்தால், நன்னீரில் ஒலி கடல்நீரில் போவதைவிடச் சுமார் 2 சதவீதம் மெதுவாகப் போகும். எதிரொலி தாமதமாக வரும். கருவியோ ஆழம் கூடிவிட்டது என்று காட்டும். கைக்கு வருவது ஒரே ஒரு தாமதம். அதற்குக் காரணம் தரை ஆழமானதாகவும் இருக்கலாம், ஒலி மெதுவானதாகவும் இருக்கலாம். படகில் கயிறு இருக்கிறது. பூமிக்கும் வெள்ளிக்கும் நடுவில் கயிறு போட முடியாது. அப்போது என்ன செய்வது?

1964-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த இர்வின் ஷாப்பிரோ என்ற இயற்பியலாளர் இதை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். பொதுச் சார்பியலுக்கு அதுவரை மூன்று சோதனைகள் சொல்லப்பட்டு வந்தன: புதனின் சுற்றுப்பாதை மெல்லத் திரும்புவது, சூரியனருகே நட்சத்திர ஒளி வளைவது, ஈர்ப்பில் ஒளியின் அதிர்வெண் மாறுவது. நான்காவதாக ஒன்று இருக்கிறது என்றார் அவர். வெள்ளியோ புதனோ சூரியனுக்கு அந்தப் பக்கம், ஏறக்குறைய நேர் பின்னால் இருக்கும்போது ரேடார் அலையை அனுப்பினால், போகும்போதும் வரும்போதும் அது சூரியனை ஒட்டிக் கடக்க வேண்டும். அப்போது எதிரொலி சுமார் 200 மைக்ரோ நொடி பிந்தி வர வேண்டும். அந்த வருடம்தான் அங்கே ஹேஸ்டேக் என்ற பெரிய ரேடார் ஆன்டெனா வேலைக்கு வந்திருந்தது. கோளின் தூரம் இரட்டிப்பானால் எதிரொலியின் சக்தி 16-இல் ஒரு பங்காகக் குறையும். அதனால் கோள் மிகத் தொலைவில், அந்தப் பக்கம் இருக்கும்போது எதிரொலியைப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. 1966, 67-இல் பிடித்தார்கள்.

புதுச்சேரிக்காரனாக இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. வெள்ளியையும் சூரியனையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர் நம் ஊருக்கு வந்தார். அவர் பார்க்க வந்தது வெள்ளி சூரியனுக்கு முன்னால் கடப்பதை. 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பலில் நின்றபடி பயனில்லாமல் பார்க்க வேண்டியதாயிற்று. எட்டு வருடம் இந்தப் பக்கமே இருந்து, 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். மேகம் மூடிவிட்டது. சூரியனுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை பாடும். அந்தத் தூரம் ரேடார் வந்த பிறகுதான் மிகத் துல்லியமாகக் கைக்கு வந்தது. ஷாப்பிரோவின் சோதனை நின்றதும் அந்தத் துல்லியத்தின் மேல்தான்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். சூரியனின் நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, ஒளி வேகத்தின் மும்மடியால் வகுத்தால் கிடைப்பது ஒரு நேரம்: 4.9 மைக்ரோ நொடி. சூரியன் ஒளியைத் தாமதப்படுத்தும் அளவு இதிலிருந்துதான் வருகிறது. போக வர மொத்தத் தாமதம், இதன் நான்கு மடங்கை ஒரு மடக்கையால், அதாவது லாகரிதத்தால், பெருக்கியது. அந்த மடக்கைக்குள் இருப்பது: சூரியனிலிருந்து பூமியின் தூரத்தையும் கோளின் தூரத்தையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, சிக்னல் சூரியனின் மையத்தை எவ்வளவு நெருங்கியது என்பதன் வர்க்கத்தால் வகுத்த எண். செவ்வாயை எடுத்துக்கொண்டு, சிக்னல் சூரியனின் விளிம்பை உரசிப் போவதாகப் போட்டால் சுமார் 250 மைக்ரோ நொடி வரும். வெள்ளிக்கு 230, புதனுக்கு 220. ஒரு மைக்ரோ நொடியில் ஒளி 300 மீட்டர் போகும். ஆக செவ்வாய், உண்மையில் இருப்பதைவிட 37 கிலோமீட்டர் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில் செவ்வாய் இருப்பதோ சுமார் 38 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்.

மடக்கை என்பதைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் கடக்கும் நாட்களில், நம் பார்வையில் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சூரிய ஆரம் அளவு நகர்கிறது. செவ்வாய்க்கான எண்களையே பாருங்கள். விளிம்பை உரசும்போது 247. இரண்டு ஆரம் தள்ளிப் போனால் 220. பத்து ஆரம் தள்ளி, அதாவது பத்து நாள் கழித்து, 156. நூறு ஆரம் தள்ளிப் போன பிறகும் 65 மிச்சமிருக்கும். வரைபடத்தாளில் போட்டால், மாதக்கணக்கில் மெல்ல ஏறி, கடைசிச் சில நாட்களில் கூம்பாக எழும்பி, அதேபோல இறங்கும் ஒரு வடிவம் வரும்.

ஆய்வாளர்கள் ஒரு நாள் எதிரொலியை மட்டும் வைத்துக்கொண்டு "இன்று இத்தனை மைக்ரோ நொடி தாமதம்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடியாது என்ற உங்கள் சந்தேகம் முழுக்கச் சரி. அவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கிறார்கள். கோள் சூரியனுக்கு இந்தப் பக்கம் நமக்கு அருகில் இருக்கும்போது, பக்கவாட்டில் இருக்கும்போது, பின்னால் போகும்போது என்று எல்லா நிலையிலும். அந்த அளவுகள் மொத்தத்தையும் சேர்த்துவைத்து, பூமியின் பாதை, கோளின் பாதை, கோளின் ஆரம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தீர்க்கிறார்கள். அதில் தாமதத்துக்கான வடிவத்தையும் சேர்த்து, அதன் முன்னால் ஒரு எண்ணை மட்டும் தெரியாத எண்ணாக விட்டுவிடுகிறார்கள். அளவுகளே அந்த எண்ணைச் சொல்லட்டும் என்று. ஐன்ஸ்டீன் சரி என்றால் அது 1 என்று வர வேண்டும். ஈர்ப்பு தாமதப்படுத்தவே இல்லை என்றால் 0.

கோளின் பாதையைக் கொஞ்சம் மாற்றி இந்தக் கூம்பைக் கொண்டுவர முடியாதா? முடியாது. பாதையின் நீள்வட்டத்தை எப்படி மாற்றினாலும் அதன் விளைவு வருடம் முழுக்கப் பரவும். ஓரிரண்டு வாரத்தில் ஏறி இறங்காது. கோளே தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது 37 கிலோமீட்டர் விலகி, சில வாரத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதையும் பூமியிலிருந்து பார்ப்பவருக்குச் சூரியன் குறுக்கே வரும் சமயத்தில் மட்டும். புதனும் வெள்ளியும் செவ்வாயும் தனித்தனியாக, ஒவ்வொரு முறையும் அதையே செய்ய வேண்டும். அப்படித் தள்ளி இழுக்கும் விசை எதுவும் கிடையாது. கயிறு போட முடியாத இடத்தில் இந்த வடிவம்தான் அவர்களுக்குக் கயிறு.

1968-இல் வெளியான முதல் முடிவு கொள்கையோடு சுமார் 20 சதவீதப் பிழைக்குள் ஒத்துப்போனது. 1971-இல் புதனையும் வெள்ளியையும் வைத்துச் செய்தது சுமார் 5 சதவீதம். அதற்கு மேல் போகவிடாமல் இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. ஒன்று, கோளின் மேடுபள்ளம். அலை ஒரு மலையில் பட்டதா, ஒரு கிலோமீட்டர் கீழே பள்ளத்தில் பட்டதா என்பதே 6.7 மைக்ரோ நொடி வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். இன்னொன்று சூரியனின் கொரோனா, அதாவது சூரியனைச் சுற்றியிருக்கும் வெளி வளிமண்டலம். அங்கே இருக்கும் மின்னேற்றத் துகள்களும் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும், அதுவும் சூரியனை நெருங்க நெருங்க அதிகமாக. முகத்துவாரத்தில் கலக்கும் நன்னீருக்குச் சரியான ஜோடி இதுதான். ஈர்ப்பை நன்னீர் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். கொரோனா தரும் தாமதம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதிர்வெண் இரட்டிப்பானால் தாமதம் கால் பங்காகும். ஈர்ப்பு எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதப்படுத்தும். இரண்டு அதிர்வெண்ணில் அனுப்பிப் பார்த்தால் எது எது என்று பிரித்துவிடலாம்.

இரண்டு இடைஞ்சலும் விண்கலங்களால் தீர்ந்தன. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் ஒரே இடத்தில் தரையில் நின்று சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பின. மேடுபள்ளம் பிரச்சினை போயிற்று. மேலே சுற்றிய கலங்கள் இரண்டு அதிர்வெண்ணில் அனுப்பியதை வைத்துக் கொரோனாவைக் கழித்தார்கள். பிழை 0.1 சதவீதத்துக்கு இறங்கியது. 2002 ஜூனில், சனிக்குப் போய்க்கொண்டிருந்த காசினி கலம் சூரியனுக்குப் பின்னால் வந்தபோது இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். ஒரு வழிப் பயணமே 70 நிமிடம். அதில் தாமதத்தை நேராக அளக்கவில்லை, தாமதம் மாறும் வேகத்தை அளந்தார்கள். தாமதம் கூடிக்கொண்டே போனால் வந்து சேரும் அலையின் அதிர்வெண் துளி குறையும், இறங்கும்போது துளி கூடும். இத்தாலிய ஆய்வாளர்கள் பெர்டோட்டி, இயெஸ், டோர்டோரா 2003-இல் வெளியிட்ட முடிவு, ஐன்ஸ்டீன் சொன்ன மதிப்போடு ஒரு லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஒத்துப்போகிறது. நம் மங்கள்யானும் 2015 ஜூனில் இப்படிச் சூரியனுக்குப் பின்னால் போய், சுமார் இரண்டு வாரம் தொடர்பு தடைபட்டது. அந்தச் சமயத்தில் வந்த சிக்னலில் கொரோனா ஏற்படுத்திய கலக்கத்தை வைத்து நம் ஆய்வாளர்கள் கொரோனாவையே ஆராய்ந்தார்கள். காசினி குழு கழித்துப் போட்டதை இவர்கள் எடுத்துப் படித்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சரி, வளைந்து போவதால் தூரம் கூடுகிறதா? கூடுகிறது, ஆனால் அது இந்தத் தாமதம் இல்லை. சூரியனை உரசும் ஒளி 1.75 வில்நொடி வளைகிறது (வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). அந்தக் கோணத்தை வைத்துச் செவ்வாய் வரை கணக்குப் போட்டால், வளைவதால் கூடும் தூரம் ஒரு வழிக்குச் சுமார் 3 மீட்டர்தான். தாமதமோ ஒரு வழிக்கு 37 கிலோமீட்டருக்குச் சமம். பல பாடக்குறிப்புகளில் வளைவுதான் காரணம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

ஒளி வேகம் மாறாது என்பதும் உண்மை. சூரியனருகே ஒருவர் தன் கடிகாரத்தையும் அளவுகோலையும் வைத்துத் தன் பக்கத்தில் போகும் ஒளியை அளந்தால் நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர்தான் வரும். சிக்கல் என்னவென்றால், அவருடைய நொடியும் நம்முடைய நொடியும் ஒன்றில்லை. அங்கே கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. இடமும் தட்டையாக இல்லை, சூரியனைச் சுற்றி வளைந்திருக்கிறது. தாமதத்தில் சரிபாதி கடிகாரத்தால் வருவது, சரிபாதி இடத்தின் வளைவால் வருவது. ஐன்ஸ்டீனே 1911-இல் முதல் பாதியை மட்டும் வைத்து ஒளி வளைவதைக் கணக்கிட்டுப் பாதி மதிப்புதான் சொன்னார்; 1915-இல் கொள்கை முழுமையான பிறகுதான் முழு மதிப்பு வந்தது. இந்தச் சோதனையிலும் கடிகாரம் மட்டும் என்றால் செவ்வாய்க்கு 125 மைக்ரோ நொடிதான் வர வேண்டும். 250 வருகிறது. இடம் வளைந்திருப்பதை ரேடாரை வைத்துத் தொட்டுப் பார்க்கும் சோதனை என்று இதைச் சொல்வேன். வகுப்பில் இந்தப் பாதிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடிக்கும் நாள் எனக்கு வருடத்திலேயே பிடித்த நாள்.

"நிரூபித்துவிட்டதா" என்றால் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தாமதம் இருக்கிறது, அதன் அளவும் வடிவமும் கொள்கை சொன்னபடி இருக்கின்றன. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. போட்டிக் கொள்கைகள் பல இதனால் நெருக்கடிக்கு ஆளாகின. உதாரணமாக 1961-இல் பிரான்ஸ், டிக்கி என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சொன்ன கொள்கையில் ஒரு மாறிலி உண்டு. அது பெரிதாக ஆக ஆக அந்தக் கொள்கை ஐன்ஸ்டீனுடையதைப் போலவே ஆகிவிடும். காசினி முடிவுக்குப் பிறகு அது சில பத்தாயிரங்களுக்கு மேல் இருந்தாக வேண்டும். ஆனால் இவை எல்லாம் சூரியனின் ஈர்ப்பில் செய்தவை. அது பலவீனமான ஈர்ப்பு. கருந்துளையின் விளிம்பில் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது. இன்னொன்றும் உண்டு: பாதைகளைக் கணக்கிடுவதற்கே பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் இது முழுக்கத் தனித்து நிற்கும் சோதனை என்று சொல்லமாட்டேன். எல்லாம் சேர்ந்து பிசிறில்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே இந்தத் தாமதம் இப்போது எடைக்கல்லாகவே ஆகிவிட்டது. பல்சார், அதாவது சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரம், இன்னொரு நட்சத்திரத்தோடு சேர்ந்து சுற்றும்போது, அந்தத் துணைக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு சுற்றிலும் துடிப்புகள் பிந்தி வரும், அதே கூம்பு வடிவில். அதிலிருந்து துணையின் நிறையையும், அதைக்கொண்டு பல்சாரின் நிறையையும் கண்டுபிடிக்கலாம். 2010-இல் இப்படித்தான் ஒரு பல்சாருக்குச் சூரியனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறை என்று தெரிந்தது. அதற்கு மாறாக, 1987-இல் வானில் தெரிந்த சூப்பர்நோவாவை, அதாவது நட்சத்திர வெடிப்பைப் பற்றிப் படித்தால் நிதானமாகப் படியுங்கள். அதன் ஒளியும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களும் சில மணி நேர இடைவெளியில் வந்தன. நம் பால்வீதியின் ஈர்ப்பு இரண்டையும் மாதக்கணக்கில் தாமதப்படுத்தியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது என்பது உறுதி. மாதக்கணக்கான தாமதம் என்பது பால்வீதியின் நிறையை மதிப்பிட்டுச் சொல்வது, யாரும் அளந்ததில்லை. அங்கே கூம்பு கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்கத் தாமதமில்லாத நாள் என்று ஒன்றும் கிடையாது.

கடைசியாக உங்கள் படகு ஜிபிஎஸ். அதில் ஐன்ஸ்டீன் இருப்பது கடிகாரத்தில்: மேலே சுற்றும் செயற்கைக்கோள் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும், அதைத் திருத்தாமல் விட்டால் தூரக்கணக்கு ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். நீங்கள் கேட்ட தாமதம் வேறு. பூமியின் நிறை சூரியனுடையதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். செயற்கைக்கோளிலிருந்து படகுக்கு வரும் சிக்னலில் இதனால் கூடும் தூரம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்டங்கள் நகர்வதை மில்லிமீட்டர் அளவில் அளப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு வேண்டாம், படகு அலையில் ஏறி இறங்குவதே அதைவிட அதிகம்.